வைரக்கண்ணு வீட்டுப் பியூஸ் கேரியர்

பெயர் நாகம்மாள், வயது 41, கணவர் பெயர் ராசு, குடவாசல் தாலுகா, வாய்க்கால் தெரு. தொழில் என்ற இடத்தில் ஏட்டையா 'வீட்டு வேலை' என்று எழுதினார், அடிக்கச் சொன்னேன். எலக்ட்ரீஷியன். வயர்மேன் சான்றிதழ் வாங்கிப் பதினாறு வருடம் ஆகிறது. நான் வயர் இழுத்த வீட்டில் இன்றுவரை ஒரு கோழிக்குக்கூட ஷாக் அடித்ததில்லை.

இன்று காலை எட்டு மணிக்கு எங்கள் தெரு வைரக்கண்ணு, டிரிப்பர் நிற்கவில்லை என்று போன் செய்தார். டிரிப்பர் என்பது கரண்ட் கசிந்தால் தானே விழுந்து ஆளைக் காப்பாற்றும் சுவிட்ச். பதினோரு மணிக்கு அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், தொட்டியில் தண்ணீர் இல்லை என்றார். நான் போய்ச் சின்ன சுவிட்சுகளை எல்லாம் இறக்கிவிட்டு டிரிப்பரை ஏற்றினேன், நின்றது. அதன் பிறகு ஒவ்வொன்றாக ஏற்றியதில், பின் அறை சுவிட்சுக்கு வந்ததும் விழுந்தது. மோட்டாரும் அந்த லைன்தான். அதைக் கழற்றிவிட்டும் பார்த்தேன்; அப்போதும் விழுந்தது.

பின் அறையில் குறுவைக்கு முளைகட்டிய விதைநெல் நான்கு மூட்டை, ஈரச் சாக்கோடு சுவரில் சாய்ந்திருந்தது. கொட்டகையில் எலித் தொல்லை என்று உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால்தான் பிளக் பாயிண்ட். மூட்டையை நகர்த்தச் சொன்னேன். நாளைக் காலை விதைக்க நேரம் குறித்தாயிற்று, அதுவரை வெளியாள் தொடக்கூடாது என்றார். அப்படியானால் அந்த லைன் மட்டும் இறங்கியிருக்கட்டும், தண்ணீரை என் வீட்டில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர், "டிரிப்பரைத் தூக்கிட்டு டைரக்டா குடும்மா. பொம்பளைய கூப்பிட்டா இப்படித்தான்" என்றார். மாட்டேன் என்றேன். என் கண் முன்னாலேயே வேறொரு ஆளுக்குப் போன் போட்டார்.

அப்போது அவர் மனைவி தர்மாம்பாள் சொம்புத் தண்ணீரோடு வெறுங்காலில் அந்த அறைக்குள் போனார். தினமும் நாலு தடவை சாக்கில் தண்ணீர் தெளிப்பது அவர்தான். அந்த ஆள் வந்து டைரக்டாகக் கொடுத்துவிட்டால், அடுத்த தடவை ஈரச் சாக்கைத் தொடும்போது ஷாக் அவருக்குத்தான். வீட்டுக்கே கரண்ட் வராதபடி மீட்டர் பலகையிலிருந்து இரண்டு பியூஸ் கேரியரையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். வைரக்கண்ணு திருட்டுப் புகார் கொடுக்க வந்தபோது, நான் ஏற்கெனவே இந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு பெண் காவலர் அஃப்ரீன் எங்களோடு அவர் வீட்டுக்கு வந்தார். வெளியாள்தானே தொடக்கூடாது என்று சொல்லித் தர்மாம்பாளே மூட்டையை இழுத்து நகர்த்தினார். பிளக் பாயிண்டைக் கழற்றினேன். பெட்டிக்குள் தண்ணீர், அதில் இரண்டு நெல் முளைவிட்டுக் கிடந்தது. அந்தப் பாயிண்டையே துண்டித்துவிட்டு, பியூஸ் கேரியரைத் திரும்ப மாட்டி டிரிப்பரை ஏற்றினேன். நின்றது. மணி பத்தே முக்கால். மோட்டார் ஓடியது.

வைரக்கண்ணு புகாரைத் திரும்ப வாங்கவில்லை. கேரியரை எடுத்தது நான்தான், கேட்காமல்தான் எடுத்தேன். நாளைக்கும் இப்படி நடந்தால் எடுப்பேன். அதையும் எழுதச் சொன்னேன், எழுதினார்கள். படித்துக் காட்டியதைக் கேட்டேன். எல்லாம் உண்மை, நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) நாகம்மாள், எலக்ட்ரீஷியன்

சாட்சி: பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பிய கையோடு தானாக ஸ்டேஷனுக்கு வந்து, கையெழுத்துப் போட இடம் கேட்டவர்.

(ஒப்பம்) தர்மாம்பாள், கணவர் பெயர் வைரக்கண்ணு