ஆடிய படங்கள்

— காலை ஆட்டாதே.

— கொசு கடிக்குதுங்க.

— கடிக்கட்டும். இப்பதான் கேமரா ஓட ஆரம்பிச்சிருக்கு. ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் ஒரு செகண்ட் திறந்திருக்கும். அந்த நேரத்துல நீ அசைஞ்சா வண்டு மூஞ்சி பூரா கலங்கிடும்.

— செத்த வண்டுக்கு இவ்வளவு மரியாதை! உயிரோட இருக்கிற பொண்டாட்டியைக் கொசு பிச்சுத் திங்குது.

— இந்தா பாரு, பேசலாம். ஆடத்தான் கூடாது.

— எத்தனை படம் எடுக்கும் இது?

— முன்னூறு. நாலு செகண்டுக்கு ஒண்ணு. இருபது நிமிஷம்.

— ஒரு வண்டுக்கு முன்னூறா? நம்ம கல்யாணத்துக்கே எண்பதுதான்.

— அதாவது பாரு, இவ்வளவு கிட்டப் போய் எடுத்தா, ஒரு படத்துல மயிரிழை அளவுதான் தெளிவா விழும். கண்ணு தெளிவா இருந்தா மீசை கலங்கும். அதான் இந்த மோட்டார் கேமராவை மயிரிழை மயிரிழையா முன்னால தள்ளுது. எதெதுல எந்த இடம் தெளிவோ அதை மட்டும் பொறுக்கி கம்ப்யூட்டர் அடுக்கும். அப்பதான் முழு வண்டு கிடைக்கும். பூச்சிப் புத்தகம் போடறவங்க அப்படித்தான் கேக்கறாங்க.

— சரி சார், பாடம் போதும். பந்தயத்தை மறுபடி சொல்லுங்க. அப்புறம் மாத்திப் பேசக்கூடாது.

— ஒரு மாசமா தினம் நாலு மணி சுமாருக்குப் படம் ஆடுது. வீட்டுல நான் ஒருத்தன்தான். இந்த ஸ்டூலை விட்டு நகர்றதில்ல. ரோட்டுல லாரி போனா ஒரே உலுக்கா உலுக்கிட்டுப் போயிடும், அது எனக்குத் தெரியும். இது மேல மரத்தரையில யாரோ நடக்கிற ஆட்டம்.

— எலியா இருக்கும்.

— எலி நடந்து இந்த மேசை ஆடினா அது எலி இல்ல, எருமை.

— யாரோ யாரோன்னு சுத்தி வளைக்காதீங்க. மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க.

— பாப்பா ஸ்கூல் விட்டு வர்ற நேரம் அது. அவ ரூமு அது.

— பாப்பா போய்ப் பதினோரு மாசம் ஆச்சுங்க.

— தெரியும்.

— காய்ச்சல்ல, உங்க மடியிலதான் போனா.

— தெரியும்னு சொல்றேன்ல. நீ ஆடுற பாரு.

— அழுதா ஆடத்தான் செய்யும்.

— சரி சரி, அந்த ரெண்டு படத்தைத் தூக்கிடலாம். பந்தயம் இதான். இன்னிக்கு லீவு போட்டுட்டு நீயும் என்கூட உக்காந்திருக்க. மேல யாரும் இல்ல. படம் ஆடலேன்னா மச்சான் பார்த்து வெச்சிருக்கிற வீட்டுக்குப் போயிடலாம். ஆடுச்சுன்னா இங்கயேதான். வீடு மாத்துற பேச்சையே நீ எடுக்கக்கூடாது.

— அண்ணன் அஞ்சு மணிக்கு போன் பண்ணுவான். அந்த வீட்டுக்காரங்களுக்கு இன்னிக்கே பதில் சொல்லணுமாம்.

— சொல்லலாம். இரு.

— அது என்ன, வண்டு மேல கப்பைக் கவுத்து வெச்சிருக்கீங்க?

— தெர்மாகோல் கப்பு, அடியை வெட்டிட்டேன். விளக்கு நேரா அடிச்சா வண்டு முதுகு கண்ணாடி மாதிரி மின்னும். கப்பு வழியா வந்தா வெளிச்சம் பால் மாதிரி பரவும்.

— மணி என்ன?

— நாலு ஒம்பது. எப்பவும் இந்நேரத்துக்கு வந்திருக்கும்.

— இன்னும் நேரம் இருக்கு. பாருங்க.

— இருநூத்தி நாப்பது. சுத்தம். இருநூத்தி எழுபது. சுத்தம்.

— அவசரப்படாதீங்க.

— முடிஞ்சுபோச்சு. நீ அழுத ரெண்டைத் தவிர எல்லாம் கல்லு மாதிரி நிக்குது.

— நல்லாப் பாத்தீங்களா?

— பாத்துட்டேன். நீ ஜெயிச்சுட்டே. மச்சானுக்குச் சொல்லிடு. யாரும் வரல. ஒரு மாசமா நான்தான் கிறுக்கன் மாதிரி காத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

— அப்படிச் சொல்லாதீங்க.

— வேற எப்படிச் சொல்ல? போய் அவ துணியெல்லாம் மூட்டை கட்டு. என்னை மட்டும் மேல கூப்பிடாதே.

— அது நான்தாங்க.

— எது?

— மேல நடந்தது. ஆபீஸ்ல மூணரைக்கே சொல்லிட்டுக் கிளம்பிடறேன். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வெளிப்படி ஏறுவேன். அவ மேசையைத் தொடுவேன், பையைத் தொடுவேன், போய் அவ கட்டில்ல படுத்துப்பேன். ஆறு மணிக்கு அதே படியில இறங்கி, முன்வாசலுக்கு வந்து பெல் அடிப்பேன்.

— அப்புறம் எதுக்கு வீட்டை மாத்தணும்னே?

— போகாம இருக்க முடியலங்க. இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் போய்க்கிட்டேதான் இருப்பேன். இன்னிக்கு ஆடாதுன்னு தெரிஞ்சேதான் பந்தயம் கட்டினேன். திட்டுங்க. திட்டாம என்னத்தைத் தேடறீங்க அதுல?

— நேத்து எடுத்தது. உன் நடையைப் பார்க்கணும்னு தோணுச்சு. இதோ, இங்க உள்ள வர்ற. நின்னு நின்னு வர்ற. கட்டில் நேரா இந்த மேசைக்கு மேல, அதான் கிட்ட வர வர ஆட்டம் கூடுது. இந்தப் படத்துல படுத்துட்டே.

— ஆமா. மேசைக்கிட்ட கொஞ்ச நேரம் நிப்பேன்.

— படுத்தப்புறம் எழுந்திருச்சியா?

— இல்லையே. சுவரைப் பார்த்து அப்படியே கிடப்பேன்.

— நல்லா யோசிச்சுச் சொல்லு.

— புரண்டுகூடப் படுக்கமாட்டேங்க, சத்தம் கீழ கேட்டுடுமோன்னு. ஏன்?

— அஞ்சு நிமிஷம் சுத்தமா இருக்கு. அப்புறம் மறுபடி ஆடுது. லேசா. உன் ஆட்டத்துல பாதிகூட இல்ல.

— முந்தாநாளுதைப் பாருங்க.

— திறந்துட்டேன். இதுலயும் இருக்கு. போன வாரத்துலயும் இருக்கு. எல்லாம் ஒரே ஆளு நடைன்னு நினைச்சு ஒண்ணாவே எண்ணிட்டு இருந்திருக்கேன்.

— என்னங்க சொல்றீங்க?

— தூரத்துல ஆரம்பிக்குது. கொஞ்சம் கொஞ்சமாக் கூடிக்கிட்டே கட்டிலுக்கு வருது. நீ படுத்திருக்கிற இடத்துல வந்து நின்னுடுது. திரும்பிப் போன ஆட்டம் எந்த நாள் படத்துலயும் இல்ல.