பம்பரத்துக்கு ஒரு தரை

— குனிஞ்சு பாருங்கக்கா, உங்க மூஞ்சி தெரியுதா இல்லியா? சும்மா கண்ணாடிக்கா! ஒரே வாரத்துல போட்டு முடிச்சேன். பகல்ல சிட்லபாக்கத்துல சைட்டு, வேலை வுட்டு வந்ததும் நம்ம வூடு. டைல்ஸ் போடற ஜெபகுமார் வூட்டுக்குப் பூனை வருதுன்னா தரை எப்டி இருக்கணும், சொல்லுங்க?

— ஜெபகுமார், கொஞ்சம் மெதுவா நடங்க. எனக்கே வழுக்குது.

— அதான்க்கா பாலிஷு!

— யோவ், அவங்களை முதல்ல உட்கார வுடு. கீழ்க்கட்டளையிலேர்ந்து செம்பாக்கம் வரைக்கும் இந்த டிராஃபிக்ல வந்துருக்காங்க, வாசப்படியிலயே நிக்க வச்சு டைல்ஸ் புராணம் பாடுற. சந்திரிகாக்கா, நான்தான் ஜாஸ்மின், போன்ல பேசினது. கூடையைக் குடுங்க. ஏசப்பா, உள்ள அவன்தானா? முனகுறான் பாரு!

— கூடை என்கிட்டயே இருக்கட்டும்மா. முதல்ல வீட்டைப் பாத்துடறேன். பூனை கேக்கறவங்க வீட்டுக்கு நானே எடுத்துட்டு வருவேன், அதான் என் பழக்கம். மனசுக்குப் பிடிச்சா விட்டுட்டுப் போவேன். பிடிக்கலைன்னா கூடையோட திரும்பிடுவேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது.

— கோவமா, உங்க மேலயா? மூலை முடுக்கெல்லாம் பாருங்கக்கா. அதுக்கு முன்னாடி அவன் மூஞ்சியை மட்டும் ஒரு வாட்டி காட்டுங்க. இதோ, சந்துல மீசை தெரியுது! டேய் பம்பரம்! டேய்!

— கத்தாதீங்க ஜாஸ்மின். சத்தம் கேட்டா இன்னும் ஆடுவான். பிறக்கும்போதே மூளையில பேலன்ஸ் பாக்கற பாகம் சின்னதா போயிடுச்சு. தலை ஆடும், கால் ஆடும். அதனாலதான் பம்பரம்னு பேர் வச்சேன். வலி கிடையாது, ஒட்டற வியாதியும் கிடையாது. ஆனா நடக்க மாட்டான். போன்லயே சொன்னேன் இல்ல?

— சொன்னீங்கக்கா. தட்டை உசத்தி வச்சு ஊட்டணும், ஒண்ணுக்கு ரெண்டுக்குன்னா மண்ணுல உட்கார வச்சு இடுப்பைப் புடிச்சுக்கணும், மாடிப்படி பக்கம் விடவே கூடாது. எல்லாம் மனப்பாடம். நான் வூட்லயே பிளவுஸ் தைக்கிறவ, எங்கயும் போறதில்ல. நாள் பூரா மடியிலயே வச்சுப்பேன்.

— நீங்க போன்ல போடற அவன் வீடியோவை இவ பாத்தா பரவால்லக்கா, எனக்கும் காட்டிகினே கீறா. சைட்டுல சோறு துன்னுகினு இருந்தா போன் வருது. இன்னாமோ ஏதோன்னு எடுத்தா, "பாத்தியா, கொட்டாவி வுட்டான்"ன்றா. இதுக்கு ஒரு போனு!

— நீயும்தான் சித்தாளுங்களுக்கெல்லாம் காட்டினே.

— அது வேற.

— தையல் மிஷின் எங்க இருக்கு?

— இதோக்கா. ஊசி, நூல், பட்டன் எல்லாம் டப்பாவுல போட்டு மூடிட்டேன். பூனை நூலை முழுங்கிடும்னு நீங்க சொன்ன அன்னிக்கே. கீழ ஒரு ஊசி கூட இருக்கக் கூடாதுன்னு காந்தத்தால தடவிட்டேன்.

— நல்லது. ஜன்னலுக்கு?

— வலை அடிச்சாச்சுக்கா. ஏரிப் பக்கத்து ஜன்னல், கொக்கு நாரையெல்லாம் வரும். பாத்துகினே படுத்திருப்பான், பொழுது போவும்.

— சாப்பாடு?

— சங்கரா மீன் வேகவச்சு, முள்ளு எடுத்து, உப்பு போடாம வச்சிருக்கேன். பால் ஊத்தக் கூடாதுன்னீங்க, வயித்தால போகும்னு. இந்தாளுதான் காலையிலேர்ந்து ஒரே அழும்பு, பால் காய்ச்சியே ஆவணும்னு.

— புது வூட்டுக்குப் போனா பால் காய்ச்சறது இல்லியாக்கா? அவனுக்கு இது புது வூடு தான? அடுப்புல வச்சுப் பொங்கவும் வுட்டேன். அப்பால இவ குறுக்க வுழுந்து தடுத்துட்டா. சரி, வீணாவக் கூடாதுன்னு நானே குட்சிட்டேன்.

— ஒரு லிட்டர்க்கா!

— எல்லாம் நல்லாத்தான் பாத்து வச்சிருக்கீங்க.

— அப்ப குடுங்கக்கா!

— தரைதான் சரியில்ல.

— இன்னாது?

— வருத்தப்படாதீங்க ஜெபகுமார். வேலை சுத்தமா இருக்கு. ஆனா பாருங்க, இந்த வழவழப்புல இவன் எழுந்திருக்கப் பாத்தா நாலு காலும் நாலு பக்கம் போயிடும். தாடை போய்த் தரையில அடிக்கும். நாவலூர்ல ஒரு ஃப்ளாட்டுக்கு இவனை எடுத்துட்டுப் போனேன். தங்கமான ஜனங்க. அங்கயும் இதே மாதிரி தரை. கூடையைத் திறக்காமலே திரும்பிட்டேன்.

— அக்கா, அப்படிச் சொல்லாதீங்கக்கா. யோவ், உன்னை யாருய்யா இப்ப டைல்ஸ் போடச் சொன்னது? குடி வந்த நாள்லேர்ந்து போடு போடுன்னு கெஞ்சினேன், அப்பல்லாம் சிமெண்ட் தரைதான் உடம்புக்கு நல்லதுன்னே. இப்ப போய் ஆசையா போட்டு வச்சிருக்கியே!

— போடலன்னாலும் சண்டை, போட்டாலும் சண்டையா? பேஜாரா போச்சே! அக்கா, போவாதீங்க. பாய் விரிச்சுடறேன். ரப்பர் சீட்டு வாங்கியாந்து ஒட்டிடறேன். அதுவும் ஆவாதா? மொத்தத்தையும் பேத்துட்டு கார் பார்க்கிங் டைல்ஸ் போட்டுடறேன்க்கா. சொரசொரன்னு இருக்கும், லாரி நின்னா கூட வழுக்காது!

— ஹாலுக்குள்ள பார்க்கிங் டைல்ஸா?

— வர்றவன் இன்னா வேணா சிரிக்கட்டும். பூனை வழுக்காம இருந்தா போதும்.

— இவரு செய்வாருக்கா. வாய்ச்சவடாலும் அடிப்பாரு, செஞ்சும் காட்டுவாரு.

— அப்ப செஞ்சுட்டுக் கூப்பிடுங்க. இன்னொரு நாள் எடுத்துட்டு வரேன்.

— இன்னொரு நாளா? அதுக்குள்ள வேற யாராவது வாங்கிட்டுப் போயிட்டா?

— அந்த நாவலூர்க்காரங்களுக்கு அப்புறம் யாரும் கேக்கல ஜாஸ்மின். வீடியோவைப் பாத்து "ஐயோ பாவம்"னு எழுதறாங்க, அவ்வளவுதான்.

— எனக்குப் பாவமாவே தெரியலக்கா. சிரிப்புதான் வந்துச்சு. மெத்தை மேல பந்தைப் புடிக்கப் போனான், குப்புற உருண்டான். எழுந்து மறுபடியும் அதே பந்து, மறுபடியும் குப்புற. கொஞ்சம் கூட வெக்கமே இல்ல! அப்பவே இவன்தான்னு ஆயிடுச்சு. வாடகை வூட்ல இருந்தவரைக்கும் பல்லி வந்தா கூட ஓனரைக் கேக்கணும். இப்பதான் சொந்தமா ஒரு கூரை. இவனை எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா எனக்கு வேற பூனை வேணாம்க்கா. எந்தப் பூனையும் வேணாம்.

— அழாத ஜாஸ்மினு. அக்கா, ஒரு நிமிசம் அவ மடியில குடுத்துட்டுத்தான் போங்களேன்.

— சரி. ஒரு நிமிஷம்தான். இடுப்பைச் சேத்துப் பிடிச்சுக்கோங்க. அப்படித்தான்.

— ஏசப்பா! எவ்ளோ சூடா இருக்கான்! ஒரு கை பஞ்சுதான்யா.

— தலையைப் பாரு, ஆமா ஆமான்றான்! பாத்தீங்களாக்கா, அவனே இங்க தங்க ஒத்துக்கினான்!

— என் கையில மீன் வாசனைய்யா, அதான் எட்டிப் பாக்கறான். இருடா ராசா, இருடா, ஐயோ!

— பிடிங்க! ஜாஸ்மின், விட்டுட்டீங்களா?

— நழுவிட்டான்க்கா! சறுக்கிட்டே போறான், ஐயோ, வயித்தாலயே சறுக்கிட்டுப் போறான்! உள் ரூமுக்குள்ள பூந்துட்டான்!

— அக்கா, அக்கா, நீங்க அந்த ரூமுக்கு வராதீங்க. நான் எடுத்தாறேன்.

— ஏன்? அங்க என்ன இருக்கு?

— ஒண்ணும் இல்லக்கா, அதான் பிரச்சினை. டைல்ஸ் பத்தல. பழைய சிமெண்டைக் கொத்தி அப்படியே வுட்டு வச்சிருக்கேன். ஊருக்கெல்லாம் தரை போடறவன் வூட்ல இப்டி ஒரு ரூம்பு! பாத்தீங்கன்னா மானம் போயிடும்.

— வழி விடுங்க ஜெபகுமார்! எங்க அவன்?

— அதோக்கா, அரிசி டிரம்முகிட்ட.

— விழுந்து கிடக்கானா? ரத்தம் வருதா?

— இல்லக்கா. நிக்கிறான்.

— என்ன?

— நிக்கிறான்க்கா! காலை அகட்டி வச்சுகினு, ஜம்முனு நிக்கிறான்!

— தொடாதீங்க. யாரும் தொடாதீங்க.

— தலை ஆடுது. ஒரு காலைத் தூக்கறான். அய்யய்யோ, சாயறான், சாயறான்... வச்சுட்டான்! அடுத்த கால்! யோவ், பாருய்யா!

— பாத்துகினுதான் கீறேன். கூலி வாங்கின அன்னிக்கு எங்க மேஸ்திரி இப்டிதான் நடப்பாரு!

— விழுந்துட்டான்! இல்ல, எழுந்துட்டான்! கீழ பிடி இருக்குய்யா அவனுக்கு. நகத்தால புடிச்சுக்கிறான் பாரு. மீன் கிண்ணத்தைக் கொண்டா, ஓடு!

— இந்தா. டேய் பம்பரம், இத்தப் பாரு, சங்கரா மீனு. உனக்குன்னே இவ முள்ளு எடுத்தது. வா நைனா. வா, வா, வா.

— வரான்! நேரா வரத் தெரியல, சைடுல வரான், ஆனா வரான்! ஐயோ, என் கால்ல முட்டிட்டான்க்கா! என் கால்லதான் முட்டினான், பாத்தீங்களா!

— மீனுக்குத்தான் வந்தான், உனக்கு இல்ல.

— போய்யா, எனக்குத்தான்.

— சரி, உனக்குத்தான். அக்கா, முடிவு பண்ணிட்டேன். இந்த ரூமுக்குத் தரையே கிடையாது. ஹால்லயும் நாளைக்கே உளி வைக்கிறேன். கொத்தின சிமெண்டுதான் இனிமே நம்ம டிசைனு.

— யாராச்சும் கேட்டா ஃபாரின் மாடல்னு சொல்லிடலாம்யா. அக்கா? என்னக்கா அப்படியே கீழ உட்கார்ந்துட்டீங்க? புடவையெல்லாம் சிமெண்ட் தூசி.

— இருக்கட்டும்மா.

— அழறீங்களா? அக்கா, அவனுக்கு அடியே படல, பாருங்க, திங்கறான். நான் கை தவற விட்டது தப்புதான். அதுக்காக எடுத்துட்டுப் போயிடாதீங்கக்கா.

— ஜெபகுமார், அந்தக் கூடையை எங்கயாவது ஓரமா வைங்க. இன்னிக்கு அது எனக்கு வேண்டாம்.

— வேணாமா? அப்டின்னா?

— அவன் இங்கயே இருக்கட்டும்.

— ஏசப்பா! யோவ், கேட்டியா? கேட்டியாய்யா? டேய் பம்பரம், நீ எங்க வூட்டுப் புள்ளைடா!

— அப்புறம் எதுக்குக்கா கண்ணுல தண்ணி? பிரியணுமேன்னா? கீழ்க்கட்டளை இன்னா அமெரிக்காவா? டெய்லி வந்து பாருங்க.

— அதுக்கு இல்லப்பா. டாக்டர் எப்பவோ சொன்னார், தரையில விட்டுப் பழக்குங்க, ஆடி ஆடியாவது நடப்பான்னு. ஒரு தடவை விட்டேன். விழுந்து வாயெல்லாம் ரத்தம். பயந்துட்டேன். அதுக்கப்புறம் மெத்தையை விட்டு இறக்கவே இல்ல. நடக்க மாட்டான்னு நானே முடிவு கட்டி, எல்லார்கிட்டயும் அதையே சொல்லிட்டேன்.

— எங்கக்கா அப்படி விழுந்தான்?

— என் வீட்டுலதான் ஜாஸ்மின். வீடு பூரா மார்பிள். இவன் நடந்து, இன்னிக்குத்தான் நானும் பாக்கறேன்.