மஞ்சள் கண்ணாடி விளக்கு

பாலோ ரயில் நிலையத்தில் எனக்குப் பின்னால் நின்ற தோட்டத் தொழிலாளிப் பெண் ஒருத்தி, சாமான்கடைக்காரரிடம், “நீங்க கொடுத்த விளக்கு என் வீட்டுக்காரரைப் பேச வச்சிருச்சு, பாய்,” என்றாள்.

“காய்ச்சல்ல கிடந்தவரா?”

“ஆமா. காய்ச்சல் விட்டும் பேச்சே இல்ல. சுவரைப் பார்த்தே படுத்திருந்தாரு. வீடு பளிச்சுன்னு இருக்கட்டும்னு பெரிய விளக்கு கேட்டு வந்தேன். நீங்கதான் கண்ணு கூசும்னு சொல்லி, மஞ்சள் கண்ணாடி போட்ட சின்ன விளக்கை எடுத்துக் கொடுத்தீங்க.”

“படுத்திருக்கிறவருக்கு அதுதாம்மா இதம்.”

“ஏத்தி வச்சதும் திரும்பிப் பார்த்தாரு. வீடு அழகா இருக்கேன்னு சொன்னாரு. ரெண்டு மாசத்துல அதுதான் முதல் பேச்சு.”

கடைக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் கஞ்சியை எடுக்கப் போனேன். அவரேதான், கஞ்சி வேணாம், சோறு போடுன்னாரு.”