மஞ்சள் கெளுத்திக்கு ஊற்றிய தண்ணீர்

ரொறன்ரோக் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். நான் போத்தலில் வாங்கிக் குடிக்கிற ஆளில்லை. மீனுக்குத்தான் அது ஆகாது. அதிலுள்ள குளோரமீனை மருந்து விட்டு முறிக்க வேண்டும். ஊரில் வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். இது லேசில் போகாது.

சென் ஜேம்ஸ் ரவுணில் எனக்கு எதிர்வீடு பிரதீபா. மீன் வளர்க்கும் பைத்தியத்தை அவளுக்குப் பிடிக்க வைத்ததே நான்தான். இலங்கையின் தென்மேற்கு ஆறுகளை விட்டால் வேறெங்கும் இல்லாத மஞ்சள் கெளுத்தி, விரல் நீளம்தான், அதில் ஒரு சோடியை என் தொட்டியிலிருந்து கொடுத்தேன். என்னிடம் வருடக்கணக்காக முட்டையிடாத மீன், அவளிடம் போய் ஒரு கோடைக்குள் குஞ்சு பொரித்தது. மீன் வளர்ப்போர் சங்கத்தில் எல்லோரும் அவளைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். யாரிடம் வாங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இல்லையென்றால் பொய்.

பிரதீபா தன் மச்சாளின் கலியாணத்துக்குக் கொழும்பு போனபோது, முழங்கால் வருத்தத்தால் போகாமல் நின்ற தகப்பன் இராஜரட்ணத்தையும் மீன்தொட்டியையும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மருந்துப் போத்தலையும் என் கையில் தந்தாள்.

"அங்கிள், மருந்தொண்டும் தேவையில்லை. ஊரிலை மாதிரி வாளியிலை ஒரு நாள் வைச்சிட்டு ஊத்துங்கோ," என்றேன்.

மனிதர் சந்தோஷமாக ஊற்றினார். சோடியும் குஞ்சுகளும் ஒன்றும் மிச்சமில்லாமல் செத்தன.

திரும்பி வந்த பிரதீபா கத்தினாள். "மக்டலீன் பிள்ளைதான் அப்பிடிச் செய்யச் சொன்னது," என்றார் அவர் என்னைக் காட்டி. நான் அவளைத் தனியே கூப்பிட்டேன்.

"அங்கிளுக்குக் கொஞ்ச நாளா மறதி. அடுப்பையும் நூர்க்காமல் எரிய விட்டவர். உமக்குச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்."

அடுப்புக் கதை நடக்காத கதை. ஆனால் அதன் பிறகு அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினாலும் அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக அவரும் தன்னை நம்புவதை விட்டுவிட்டார். பேச்சுக் குறைந்தது. சாப்பிட்டாரா என்று கேட்டால் மகளின் முகத்தைப் பார்த்தார். கடைசியில் விட்பியில் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டார்கள்.

மீன்களைக் கொன்றது நான். அவருடைய புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அதைக் கலக்கியதும் நான்.

ஞாயிறு பூசை முடிய நான் விட்பிக்குப் போவேன். பிரதீபாவுக்கு நேரமில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, நீர்தானே அண்டைக்கு மருந்து வேண்டாமெண்டு சொன்னனீர்?" என்று கேட்பார்.

"இல்லை அங்கிள்," என்பேன். எத்தனை தரம் கேட்டாலும் கோபப்படாமல் சொல்வேன். பெற்ற மகளுக்கு அந்தப் பொறுமை இல்லை.