தகரச் சுவரைத் தடவிய கை

தண்டனையையும் தயையையும் ஒரே பேனாவால் எழுதிப் பழகிய கரத்தோடு இன்று இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ராஜகோபாலன் அவர்களே! மேடைக்கு ஒளியேற்றும் கண் மருத்துவப் பெருமக்களே! மாடவீதி நெரிசலை நீந்திக் கடந்து இந்த மயிலை மண்டபத்தை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஆவலை ஏற்றிக்கொண்டு வந்திருக்கும் அன்னையர்களே! உங்கள் அனைவருக்கும், சாந்தோமில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் ஜஹீதாவின் வணக்கம்.

கண்தானம் பற்றி எனக்கு முன் பேசிய மருத்துவர் எல்லாம் சொல்லிவிட்டார். உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்றார். முகம் கெடாது என்றார். ஒருவர் தந்தால் இருவர் பார்க்கலாம் என்றார். அறிவுக்கு வேண்டியது அத்தனையும் கிடைத்துவிட்டது. ஆனால் அவையோரே, இறந்தவர் வீட்டில் வாசலை மறித்துக்கொண்டு நிற்பது அறியாமையா? இல்லை. அச்சம்! அந்த அச்சத்தை நான் நேரில் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடப் பிழை, காதால் கேட்டேன்.

அடையாற்றங்கரைக் குடிசைகளில் தணிகாசலம் என்று ஒருவர் இருந்தார். மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி மிதிப்பவர். நம் கூட்டங்களுக்கு நாற்காலியும் ஒலிபெருக்கியும் அவர் வண்டியில்தான் வரும். இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட மாட்டார். சக்கரத்தில் சாய்ந்தபடி கடைசிவரை கேட்பார். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"இன்னா டீச்சரம்மா, செத்தவன் கண்ணு இன்னொருத்தனுக்குப் பார்வை குடுக்குமாமே? மெய்யாலுமா?"

"மெய்தான்" என்றேன்.

"அப்ப எங்கண்ணு ரெண்டையும் எடுத்துக்கோ. வண்டியத்தான் எவனும் எடுத்துக்க மாட்டான்!" என்று சிரித்தார்.

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். மழை தொடங்கிய மாதத்தில், மந்தைவெளி அருகே, வண்டியின் மேலேயே அவருக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

அவருடைய மனைவி தேவானை சொல்லியனுப்ப, மருத்துவரோடு ஓடினேன். குடிசை வாசலில் தணிகாசலத்தின் தம்பி மதிவாணன் கைகளை விரித்து நின்றார். "வோணாம் அண்ணி! கண்ண எடுத்துட்டா அண்ணனுக்குப் போற வழி தெரியாது. இங்கயே தடவிக்கினு கெடக்கும்" என்று கதறினார்.

அது அண்ணன்மேல் உள்ள பாசம். பாசம் பயமாய் உருமாறி நின்றது.

தேவானை நிமிர்ந்து பார்த்தார். "அவரு வாயால சொன்னது மதி. அத மாத்த நான் யாரு?" என்றார். அவ்வளவுதான். இரண்டு கண்களும் எடுக்கப்பட்டன, இமைகள் மூடப்பட்டன, உறங்குகிற முகத்தோடு தணிகாசலம் புறப்பட்டுப் போனார்.

போனாரா?

காரியம் முடிந்து சில நாளில் தேவானை என் பள்ளி வாசலில் வந்து நின்றார். கண் குழிவிழுந்து, குரல் கம்மிப்போய் இருந்தது.

"டீச்சரம்மா, விளக்கு வைக்கிற நேரத்துக்கு யாரோ சுவரத் தடவுறாங்க. தெருவே கேக்குது. எங்கூட யாரும் தண்ணி புடிக்க வர்றதில்ல. காலி பண்ணிக்கினு போயிடுன்றாங்க. நான் எங்க போவேன்? ஒரு தபா வந்து கேட்டுட்டு, அது இன்னான்னு நீங்களே சொல்லுங்க."

போனேன். எலி என்று சொல்லப் போனேன். காற்று என்று சொல்லப் போனேன். தெருமுனையில் மதிவாணனும் அக்கம்பக்கத்தாரும் கூடி நின்றார்கள். ஒருவரும் அருகே வரவில்லை. நானும் தேவானையும் உள்ளே உட்கார்ந்தோம். பின்சுவருக்கு அப்பால் ஆறு, சேறு, கோரை. ஆள் நிற்க இடமில்லை. பொழுது சாய்ந்தது. மின்சாரம் போயிற்று. தவளைகளின் கத்தல் சட்டென்று நின்றது.

அப்போது வந்தது.

தகரத்தின்மேல் ஒரு கை. ஆம், கை! எலியின் கீறல் எனக்குத் தெரியாதா? காற்றின் அதிர்வு எனக்குத் தெரியாதா? இது உள்ளங்கை. மெல்லப் பதிந்தது, தேய்ந்தது, நின்றது, மறுபடி பதிந்தது. பின்சுவர் முழுக்கத் தடவி, மூலை திரும்பி, பக்கச்சுவரில் வந்து, கதவுக்குச் சற்று முன்னால் நின்றது. வாசல் அகப்படவில்லை. வந்த வழியே திரும்பிற்று. மீண்டும் மூலை. மீண்டும் பின்சுவர்.

பகுத்தறிவு பேசும் நாக்கு எனக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

தேவானை எழுந்தார். கதவை விரியத் திறந்தார். இருட்டைப் பார்த்து, வேலை முடிந்து வீடு வரும் கணவனிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"இந்தாய்யா, இந்தாண்ட வா. சுவர வுட்டுடாத. இன்னும் கொஞ்சம்... கொடம் கீது, இடிச்சுக்காத. படி ஒசரம், காலத் தூக்கி வை."

சத்தம் கதவை நோக்கி நகர்ந்தது. நிலைக்கால் வரை வந்தது. நின்றது. அங்கே யாரும் இல்லை, அவையோரே. ஈரச் சேற்றின் வாடை மட்டும் உள்ளே வந்தது.

தேவானையின் குரல் நடுங்கவில்லை.

"கண்ணக் குடுத்தது நான்தான்யா. கோவம்னா என்னாண்ட காட்டு, தெருவ பயமுறுத்தாத. வழி தெரியலன்னா இங்கயே இரு. எங்காலம் முடியசொல்லோ எங்கண்ணையும் குடுத்துட்டுத்தான் வருவேன். நீ கண்ணில்லாம அலயறப்போ எனக்கு மட்டும் இன்னாத்துக்குக் கண்ணு? கையப் புடிச்சுக்கினு ரெண்டு பேரும் தடவிக்கினே போவலாம்."

ஓசை அடங்கியது. தவளைகள் மறுபடி கத்தத் தொடங்கின. அத்தனையும் கேட்டிருந்த மதிவாணன் தெருமுனையிலிருந்து ஓடி வந்து, அண்ணி காலடியில் அமர்ந்து, குழந்தைபோல அழுதார். "நீ எங்கயும் போவாத அண்ணி" என்றார். அதன்பின் அந்தத் தெருவில் யாரும் தேவானையைப் போகச் சொல்லவில்லை.

பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார்: "பேய் உண்டா, இல்லையா?" எனக்குத் தெரியாது தம்பி! அந்தச் சத்தம் பிறகு கேட்டதா என்று தேவானை சொன்னதில்லை. கேட்க எனக்குத் துணிவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதற்கு அடுத்த வாரமே தேவானை வந்து தன் கண்களைப் பதிவு செய்தார்.

மூடநம்பிக்கையை வென்றுவிட்டுக் கொடுத்தாரா? இல்லை! கணவர் இருட்டில் அலைகிறார் என்று முழுமனதாய் நம்பினார். தானும் அதே இருட்டில் அலைய நேரும் என்று நம்பினார். நம்பிக்கொண்டே கொடுத்தார்! பார்வை இழந்த யாரோ இரண்டு பேர், பேர் தெரியாத இரண்டு பேர், விடியலைப் பார்க்கட்டும் என்று, முடிவில்லாத இருட்டைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார்! அச்சமே இல்லை என்று சொல்லும் நாம், படித்த நாம், பண்பட்ட நாம், கண்களை எதற்காக எரிக்கிறோம்? எதற்காகப் புதைக்கிறோம்? சாம்பலுக்கு எதைப் பார்க்க வேண்டியிருக்கிறது? மண்ணுக்கு எதைப் பார்க்க வேண்டியிருக்கிறது?

பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள், தாய்மார்களே. பயத்தோடேயே வாருங்கள். தேவானை அப்படித்தான் வந்தார்.

இடையில் குறுக்கிடாமல் கேட்ட தலைவர் அவர்களுக்கும், இவ்வளவு நேரம் இருமலைக்கூட அடக்கிக்கொண்ட உங்களுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. பத்திரமாய் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!