பன்னெண்டுக்குள்ள வர்ற தேதி

— அம்மாடி, குளிர்பெட்டியில ரத்தப் பை இருக்கு, கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் உனக்குப் போன் பண்றேன். உன் கம்ப்யூட்டர் மட்டும் இல்லைங்குது. நான் எதை நம்பட்டும்?

— பையை நம்புங்க அண்ணி. உங்க ரத்த வங்கிக்குப் போன மாசம்தான் அந்த புரோகிராமைப் புதுசா எழுதிக் கொடுத்தேன், அதுக்குள்ள தகராறா? பையில காலாவதித் தேதி என்ன போட்டிருக்கு?

— அஞ்சு, பதினொண்ணு. இன்னைக்கு அக்டோபர் இருபது. இன்னும் நாள் கிடக்கு.

— பக்கத்துப் பையில?

— இருபத்தஞ்சு, பதினொண்ணு. இது மட்டும் திரையில ஜம்முன்னு நிக்குது. ஏம்மா, இதுக்கென்ன தனி மரியாதை?

— வேடிக்கையா இருக்கே! இன்னொண்ணு சொல்லுங்க.

— ஒன்பது, பதினொண்ணு. அதையும் காணோம்.

— புடிச்சிட்டேன்! நாள் பன்னெண்டுக்குள்ள இருந்தா அதை மாசம்னு எடுத்துக்குது. உங்க நவம்பர் அஞ்சு, அதுக்கு மே பதினொண்ணு. எப்பவோ கெட்டுப்போச்சுன்னு ஒதுக்கிடுச்சு.

— இருபத்தஞ்சாவது மாசம்னு ஒண்ணு இல்லாததால இது தப்பிச்சுதாக்கும். புரியலைன்னா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே?

— கேக்காது அண்ணி. தானா ஒண்ணை முடிவு பண்ணிட்டுத் தலையாட்டும்.

— அப்படியே உன் அண்ணன்.

— சிரிக்க வைக்காதீங்க. தேதியை வெறும் எழுத்தா கேள்விக்குள்ள ஒட்டி டேட்டாபேஸுக்கு அனுப்பியிருக்கேன். நான் வச்சிருக்கிற லைப்ரரியில, அதான் ரெடிமேடா வர்ற புரோகிராம் தொகுப்புல, அதுக்கு வழி இருக்கு. கேள்வியில ஓர் இடத்தைக் காலியா விட்டுட்டு, தேதியைத் தேதியாவே தனியா கொடுத்தா அது ஊகிக்கவே வேண்டாம். இருங்க... மாத்திட்டேன். பையைத் திரும்பப் பதிஞ்சு பாருங்க.

— வந்துடுச்சு! நவம்பர் அஞ்சு! ஏம்மா, ஒரு சந்தேகம். நல்லதைக் கெட்டதுன்னு காட்டுச்சுன்னா, கெட்டதை நல்லதுன்னும் காட்டியிருக்கும்ல?

— ...ஆமா. அக்டோபர் பன்னெண்டோட முடிஞ்ச பையை டிசம்பர் பத்துன்னு காட்டும்.

— டிசம்பர் பத்தா? ஐயோ, அதைத்தான் இப்போ மாடிக்கு, பிரசவ அறைக்கு அனுப்பினேன்! திரையை மட்டும் பாத்தேன், பையைத் திருப்பிப் பாக்கலை.

— மாடிக்குப் பேசுங்க அண்ணி, உடனே!

— நீ லைன்லயே இரு, மேசைப் போன்ல கூப்புடுறேன்... சிஸ்டர், ரத்த வங்கியிலேருந்து! அந்தப் பையை ஏத்தாதீங்க! ...என்னது? ...எப்போ? ...சரி, சரி.

— என்னவாம்? அண்ணி, பேசுங்களேன்.

— பை மேசையிலயே கிடக்காம். ரத்தமே தேவைப்படலையாம், தாயும் பொண்ணும் நல்லாத் தூங்குறாங்களாம்.