வாசல் கேமராவின் பன்னிரண்டு நிமிடம்

என் பெயர் வெற்றிச்செல்வி, வயது 29, க/பெ முத்தமிழ்செல்வன். குன்னம் வட்டத்தில் குடியிருக்கிறேன். பெரம்பலூரில் கேமரா பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அரியலூர் அருகே ஒரு தனியார் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் கேமராக்களை நான்தான் பராமரிக்கிறேன். அங்கே லாரி ஓட்டும் அறிவரசன் என் உடன்பிறந்த அண்ணன்.

சென்ற 14ஆம் தேதி காலை 9.10 மணிக்கு, சுரங்க வாசலிலிருந்து நான்கு நிமிட ஓட்டத்தில் உள்ள வளைவில், சைக்கிளில் வந்த காத்தாயி என்பவர் லாரி மோதி இறந்தார். லாரி நிற்கவில்லை. வாசல் கேமராவில் அண்ணனின் லாரி 9.18க்கு வெளியேறியதாகப் பதிவு இருந்ததால், அவரைப் போலீசார் விசாரித்து அனுப்பிவிட்டார்கள். அந்த 9.18 தவறு என்று சொல்லவே நானாக வந்துள்ளேன்.

ஆட்கள் அடித்துப் பிடித்து வேலைக்கு வரவேண்டும் என்று, வருகைப்பதிவு மிஷினைப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் ஓடவிடுவது மேலாளர் ராஜதுரையின் வழக்கம். கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டியும் நெட்வொர்க் வழியாக அந்த மிஷினிடம்தான் நேரம் வாங்கியது. அதை இன்டர்நெட் நேரத்தோடு சேர்த்துவிடுகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று காலை 9.50க்கு அவரே போன் செய்து, "கேமரா டைம இப்பவே வந்து சரி பண்ணிட்டுப் போம்மா" என்றார். எனக்கு அப்போதே உறுத்தியது. விபத்து பற்றித் தெரியாததால் போனேன்.

நேரத்தை மாற்றும் முன் பெட்டியின் திரையைப் போனில் படம் எடுத்து வைப்பது என் பழக்கம். திரையில் 10.52 என்று இருந்தது. என் போனில் படம் பதிவான நேரம் 10.40. "போட்டோல்லாம் எதுக்கும்மா?" என்று ராஜதுரை இரண்டு முறை கேட்டார். அதன் பின்பு நேரத்தைச் சரி செய்தேன். மறுநாள் போலீசார் பார்த்தபோது கேமரா சரியான நேரம் காட்டியதால், முந்தைய நாளின் 9.18ஐயும் நம்பிவிட்டார்கள். லாரி உண்மையில் வெளியேறியது 9.06க்கு.

விபத்து நடந்த அன்று மாலை அண்ணன் என் வீட்டுக்கு வந்து, "நான் மெதுவாத்தாம்மா போனேன்" என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அவர்தான் மோதினாரா என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை. நேரத்தை மாற்றியது என் கை. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

படம் உள்ள போனை ஒப்படைக்கிறேன். இன்று காலையிலிருந்து அதில் வந்துள்ள பதினோரு அழைப்புகளும் அண்ணனுடையவை. ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே சொன்னது இது. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது.

(ஒப்பம்) மு. வெற்றிச்செல்வி